வயலுக்கு மேலும் மண்ணுக்கு அடியிலும் செல்லும் மின்கம்பிகள்

திருகோணமலை நகருக்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த சல்லி, சாம்பல்தீவு, நிலாவெளி ஆகிய ஊர்களில் வெங்காயம், மிளகாய், கத்தரி செய்யும் கமக்காரர்கள் துலாவையும் பட்டையையும் கைவிட்டு மின்சார மோட்டாரால் நீரிறைக்கத் தொடங்கிய பின், விதை, பசளை, நீர் என்பவற்றோடு மின்சாரமும் பயிர்ச்செய்கைக்கு வேண்டிய ஒரு பொருளாயிற்று. வெங்காயப் பாத்திக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை நீர் பாய்ச்ச வேண்டுமென்பதை இங்குள்ள கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்நீரை மேலே கொண்டுவரும் மின்சாரம் எங்கிருந்து, எவ்வழியாக வருகின்றது, எங்கே அது உயிரைக் கொள்ளும் என்பவற்றை அறிந்தோர் மிகச் சிலரே. ஒவ்வொரு வாடைக் காற்றின் பின்னும் மின்சாரம் தடைப்படுகையில், "இக்கம்பிகளையெல்லாம் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் என்ன?" என்று போதனாசிரியரிடம் கேட்பவர் பலர். கேள்வி நியாயமானது. அதற்கு விடை கூறுவதும், கமக்காரர் தமது நிலத்தில் சந்திக்கும் மூவகைக் கம்பிகளைப் பற்றி விளக்குவதும் இப்பிரசுரத்தின் நோக்கமாகும். மூவகையாவன: தலைக்கு மேலே செல்லும் கம்பி, மண்ணுக்கு அடியிற் செல்லும் வடம், வீட்டிலிருந்து கிணற்றடிக்கு நாமே இழுத்துக்கொள்ளும் கம்பி. இம்மூன்றாவது வகையே கமக்காரர் மிகவும் அஞ்ச வேண்டியது என்பது எமது கருத்து.

மின்சாரம் வரும் வழி

கந்தளாய்க் குளத்து நீர் வயலுக்கு வரும் வழியை நினைத்துப் பாருங்கள். குளத்திலிருந்து துரிசு வழியாகப் பெருவாய்க்காலிலும், அதிலிருந்து கிளைவாய்க்காலிலும், ஈற்றில் வயல் வாய்க்காலிலும் அது ஓடிவருகின்றது. மின்சாரமும் இவ்வாறே படிப்படியாக வருகின்றது. உற்பத்தி நிலையத்திலிருந்து 220,000 அல்லது 132,000 வோல்ற்று அழுத்தத்தில் உருக்குக் கோபுரங்களின் மீது நெடுந்தூரம் செல்கின்றது. அநுராதபுரத்திலிருந்து திருகோணமலைக்கு வரும் பெருங்கம்பித் தொடர் 132,000 வோல்ற்றுக்குரியது. உபமின் நிலையத்தில் அழுத்தம் 33,000 வோல்ற்றாகக் குறைக்கப்பட்டு ஊர்களுக்கு வருகின்றது. வீதியோரத் தூண்களில் ஏற்றப்பட்டிருக்கும் மின்மாற்றி அதனை 400 வோல்ற்றாகக் குறைக்கின்றது. நான்கு கம்பிகளுள் மூன்று மின்னேறியவை. அவற்றுள் ஒன்றையும் நடுநிலைக் கம்பியையும் சேர்த்து எடுத்தால் 230 வோல்ற்று கிடைக்கும். வீட்டுக்கு வருவது அதுவே.

அழுத்தத்தை இவ்வளவு உயர்த்திப் பின் குறைப்பது ஏன்? கம்பியில் ஓடும் மின்னோட்டம் கம்பியைச் சூடாக்குகின்றது. அச்சூட்டில் மின்சாரம் வீணாகின்றது. ஒரே அளவு வலுவை அனுப்பும்போது அழுத்தத்தைப் பத்து மடங்காக்கினால் மின்னோட்டம் பத்தில் ஒன்றாகும். வீணாவதோ நூறில் ஒன்றாகும். மண்வாய்க்காலில் நீர் கசிந்து போவதைப் போன்றது இந்நட்டம். வாய்க்காலுக்குச் சீமெந்து பூசுவது எப்படியோ, மின்சாரத்துக்கு அழுத்தத்தை உயர்த்துவது அப்படி.

எனினும் குளத்துக்கும் மின்சாரத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. குளத்து நீரை அடுத்த போகத்துக்கு வைத்திருக்கலாம். மின்சாரத்தையோ, மின்கலங்களில் வைக்கும் சிறு பகுதி நீங்கலாக, உண்டாக்கிய கணத்திலேயே செலவிட வேண்டும். நாடு முழுவதிலும் ஒரு கணத்தில் எவ்வளவு செலவாகின்றதோ அவ்வளவே அக்கணத்தில் உற்பத்தியாக வேண்டும். இச்சமநிலை சிறிது பிசகினாலும் செக்கனுக்கு 50 என நிற்கவேண்டிய அலைவெண் மாறும். பெரிதும் பிசகினால் இயந்திரங்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொள்ளும். 2025 பெப்ரவரி 9 ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதால் ஏற்பட்ட கோளாறு இலங்கை முழுவதையும் இருளாக்கியது என்று அப்போது அறிவிக்கப்பட்டது. குரங்கு மேற்கே இருக்க, கிழக்கே கிணற்றடி மோட்டாரும் நின்றது. இதைக் கேட்டு நகைத்தவர்கள் பலர். ஆனால் குரங்கு ஒரு தொடக்கமேயன்றி முழுக் காரணமன்று. விடுமுறை நாளில் செலவு குறைந்திருக்க, வெயிலில் சூரியமின் உற்பத்தி மிகுந்திருக்க, சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடிக்கொண்டிருந்தன. பாரமான சில்லு சுழலும்போது ஒரு தள்ளலைத் தாங்கும். இலேசான சில்லு உடனே தடுமாறும். அவ்வாண்டு ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை நாட்களில் கூரைச் சூரியமின் தகடுகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு அவற்றின் உரிமையாளர்களை மின்சார சபை வேண்டிக்கொண்டதும் இச்சமநிலையின் பொருட்டேயாகும்.

இதிலிருந்து கமக்காரர் கொள்ளவேண்டிய ஒரு சிறு பழக்கம் உண்டு. மின்சாரம் நின்றவுடன் மோட்டாரின் ஆளியை, அதாவது சுவிச்சை, அணைத்துவிடுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கமான மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கை இழுக்கும். ஊரிலுள்ள மோட்டார்கள் யாவும் ஒரே நொடியில் தொடங்கினால் அழுத்தம் வீழ்ந்து, சில மோட்டார்கள் சுழல மாட்டாமல் நின்று கருகும். அதனினும் பெரிய கேடொன்றுண்டு. மின்சாரம் இல்லைதானே என்று அடிவால்வைச் சுத்தஞ் செய்யக் கிணற்றுக்குள் ஒருவர் இறங்கியிருக்கும்போது மோட்டார் திடீரென உயிர்பெறலாம்.

இலங்கை நீர்மின்சாரத்தின் வரலாறு சுருக்கமாயினும் கமக்காரர் அறியத்தக்கது. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் பெறலாமென்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இல் எடுத்துக் காட்டினார். லக்ஷபானவில் முதல் நிலையம் இயங்கத் தொடங்கியது 1950 இலாகும். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன! மின்சார சபை 1969 நவம்பர் 1 இல் நிறுவப்பட்டது. சபையின் பணிகளைத் தனித்தனி நிறுவனங்களுக்குப் பிரித்தளிக்க வழிசெய்யும் சட்டம் 2024 இல் இயற்றப்பட்டது. பெயர்ப்பலகை எதுவாயினும் கம்பியின் இயல்பு மாறப்போவதில்லை.

எண்பதுகளில் கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல ஆகிய மின்நிலையங்கள் மகாவலியில் எழுந்தன. கொட்டியாரக் குடாவிற் கலக்கும் அந்த ஆறு வயலுக்கு வருமுன் மலையில் சில்லுகளைச் சுழற்றுகின்றது. ஆகவே நீரை எப்போது திறப்பதென்பதில் விளக்குக்கும் நெல்லுக்கும் இடையே இழுபறி நேர்வதுண்டு. 2023 ஆம் ஆண்டு வறட்சியில் உடவளவைக் கமக்காரர் தமது சிறுபோக நெல்லைக் காக்கச் சமனலவாவி நீரைத் திறக்குமாறு கோரினர். திறந்தால் தென்பகுதியில் மின்வெட்டு நேரிடுமென்று மின்சாரப் பகுதியினர் தயங்கினர். ஈற்றில் நீர் திறக்கப்பட்டது. எனினும் அதற்குள் பல வயல்கள் வாடிவிட்டன. இரு தரப்பினரும் ஒரே நீரையே நம்பியிருந்தனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. நமது மாவட்டத்துச் சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரியமின் நிலையமொன்றை அமைக்கும் வேலை 2025 ஏப்ரல் 5 இல் தொடக்கிவைக்கப்பட்டது. பகலில் வெயிலால் கிடைக்கும் மின்சாரம் பெருகுமாயின் அணை நீரை நெல்லுக்கென வைத்திருக்க வாய்ப்பு மிகும்.

ஏன் யாவற்றையும் புதைத்துவிடக் கூடாது?

மேற்கம்பியைச் சூழ்ந்துள்ள காற்றே அதற்குக் காவலாகும். காற்றுக்கு விலையில்லை. கம்பியை வெறுமனே விட்டு, தூணைத் தொடும் இடத்தில் மட்டும் பீங்கானாலோ கண்ணாடியாலோ செய்த காவலிகளைப் பொருத்தினாற் போதும். காகம் ஒரே கம்பியில் அமர்ந்து சாவதில்லை. ஏனெனில் அது வேறொன்றையும் தொடவில்லை. சிறகை விரித்து இரண்டாவது கம்பியைத் தொட்டால் அக்கணமே மடியும்.

மண் அவ்வாறன்று. அது மின்சாரத்தைத் தன்னுள் இழுத்துக்கொள்ளும். ஆகவே புதைக்கும் வடத்தைச் சுற்றி முழு நீளத்துக்கும் தடித்த காவற் படையும், அதன்மேல் உருக்குக் கவசமும், அதற்கும் மேல் நீர் புகாத உறையும் வேண்டும். முன்னாளில் எண்ணெயில் ஊறிய தாளைச் சுற்றினர்; இக்காலத்தில் ஒருவகைப் பிளாத்திக்கு பயன்படுகின்றது. அகழி வெட்டுவது, மணல் பரப்புவது, மூடுவது எல்லாம் சேர்ந்து செலவு மேற்கம்பியைப் போல் பல மடங்காகின்றது. வீடுகள் நெருங்கிய நகர வீதியில் அச்செலவைப் பல ஆயிரம் வீடுகள் பகிர்ந்துகொள்ளும். ஏழெட்டுத் தோட்டங்களும் ஒரு கோயிலும் உள்ள ஒழுங்கையில் பகிர்வார் யார்?

செலவு மாத்திரமே தடையென்று எண்ணலாகாது. கம்பியில் தோன்றும் சூடு வெளியேற வேண்டும். மேற்கம்பியைக் காற்று குளிர்விக்கின்றது. நிலத்தடி வடத்தின் சூடு மண்ணூடாகவே வெளியேற வேண்டும். ஈரமண் சூட்டை நன்கு கடத்தும். உலர்ந்த மணலோ போர்வை போன்று சூட்டைத் தடுத்து வைக்கும். கச்சான் வீசும் மாதங்களில் சல்லி மணலைக் கையால் அள்ளிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். ஆகவே இங்கு புதைக்கும் வடம் மற்றை மண்ணிற் புதைப்பதிலும் பருமனாக இருக்க வேண்டும், அல்லது குறைந்த மின்னோட்டத்தையே சுமக்க வேண்டும்.

உயர்ந்த அழுத்தத்தில் இன்னுமொரு தொல்லை உண்டு. வடத்தின் உட்கம்பியும் வெளிக்கவசமும் நெருங்கியிருப்பதால், செக்கனுக்கு நூறு தரம் திசைமாறும் மின்சாரம் அவற்றுக்கிடையே மின்னேற்றி இறக்குவதிலேயே தன் வலுவின் ஒரு பங்கைச் செலவிடும். வடம் நீள நீள இது கூடி, ஓரளவு தூரத்துக்கு மேல் பயனுள்ள மின்சாரம் மறுமுனைக்குச் செல்லாத நிலை தோன்றும். இதனாலேயே கடலடியில் நெடுந்தூரம் செல்லும் வடங்களில் திசைமாறாத நேர் மின்சாரத்தை அனுப்புகின்றனர். பாக்கு நீரிணையைக் கடந்து இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் மின்தொடர் குறித்து 2025 ஏப்ரலில் கைச்சாத்தான உடன்படிக்கையும் நேர் மின்சாரத்தை அடிப்படையாகக் கொண்டதே.

புயலில் மேற்கம்பி படும் பாட்டை நாம் அறிவோம். 1964 டிசம்பர்ப் புயல் திருகோணமலையைத் தாக்கியது; அதே புயலே தனுஷ்கோடியையும் அழித்தது. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கியது வேறொன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியும் வெள்ளமும் நாட்டின் பல மாவட்டங்களில் மின்சாரத்தைத் துண்டித்தன. தமிழ்நாட்டில் 2018 நவம்பர் 16 இல் வேதாரணியம் அருகே கரை கடந்த கஜாப் புயல் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. தஞ்சை, நாகை, திருவாரூர் மாவட்டங்களில் தென்னையும் வீழ்ந்தது, தண்ணீர் இறைக்க மின்சாரமும் இல்லாமற் போயிற்று. இத்தகைய அனுபவங்களின் பயனாக அங்கே கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய கரையோர ஊர்களில் மேற்கம்பிகளை நிலத்தடிக்கு மாற்றும் திட்டம் உலக வங்கிக் கடனுதவியுடன் மேற்கொள்ளப்பட்டது. அவை வீடுகள் நெருங்கிய ஊர்கள் என்பதைக் கவனிக்க. வயல்வெளிக் கம்பங்கள் அங்கும் கம்பங்களாகவே நிற்கின்றன.

நிலத்தடி வடத்தைக் காற்று தொடாது. ஆயினும் வெள்ளம் தொடும். இணைப்புப் பெட்டிகளில் நீர் புகுந்தால் வடம் பழுதாகும். மேற்கம்பி அறுந்த இடத்தை வீதியில் நடந்து சென்றே கண்டுவிடலாம். மண்ணுக்குள் ஏற்பட்ட பழுதைக் கருவி கொண்டு தேடி, தோண்டி, இணைத்து, மூடுவதற்கு நாட்கள் செல்லும்.

நம் கரையோரத்துக்கே உரிய இன்னொரு காரியத்தையும் இங்கே கூற வேண்டும். கடற்காற்றில் வரும் உப்பு காவலிகளின் மேல் படிகின்றது. மழையற்ற மாதங்களில் அது கழுவப்படாமல் தடித்துக்கொண்டே வரும். உலர்ந்த உப்பால் தீங்கில்லை. முதல் தூறலோ விடியற்காலைப் பனியோ அதை நனைத்தவுடன் உப்புநீர்ப் படலத்தின் வழியே மின்சாரம் கசிந்து, சீறும் ஒலியும் நீலப்பொறியும் தோன்றி, மின்தொடர் கழன்றுவிடும். "நாலு துளி விழுமுன்னே கரண்ட் போய்விட்டது" என்று ஊழியரை ஏசுவது நம்மவர் வழக்கம். உண்மையில் நாலு துளியே கெடுதி. நன்றாய்ப் பெய்யும் மழை காவலியைக் கழுவிவிடும். தூணில் சீறும் ஒலி கேட்டால் அதனை மின்சார அலுவலகத்துக்கு அறிவியுங்கள். அழைக்கவேண்டிய இலக்கம் மின்பட்டியலில் அச்சிடப்பட்டிருக்கும்.

மேற்கம்பியின் கீழ் வேலை

தோட்டத்தில் மேற்கம்பியால் நேரும் விபத்துகள் பெரும்பாலும் நீண்ட பொருளொன்றை நிமிர்த்தும்போதே நேர்கின்றன. குழாய்க்கிணற்றிலிருந்து இழுத்தெடுக்கும் இரும்புக் குழாய் ஒன்று 20 அடி நீளமானது. அதை இருவர் நிமிர்த்துகையில் கண்கள் குழாயின் அடியிலிருக்கும். நுனியோ கம்பியைத் தேடிச் செல்லும். 33,000 வோல்ற்றுக் கம்பியைத் தொட வேண்டுமென்பதுமில்லை. மிக அண்மித்தாலே மின்சாரம் பாயும். ஆதலின் கிணறு வெட்டுமுன், கம்பிக்குக் கீழேயும் அதன் இருமருங்கிலும் இடம் தெரிவு செய்யாதீர்கள். மாங்காய் பறிக்கும் கொக்கத்தடி, ஏணி, வைக்கோல் ஏற்றிய லொறி, நீட்டிய குழாயுடன் நிற்கும் அறுவடை இயந்திரம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி. பச்சைத் தடி மின்சாரத்தைக் கடத்தாதென்று எண்ணுவது தவறு.

கம்பிக்குக் கீழே தென்னையோ பனையோ நடலாகாது. வாழை, கத்தரி, மிளகாய் நடலாம். தூணைத் தாங்கி நிற்கும் சாய்ந்த கம்பியில் மாட்டைக் கட்டுவது பல இடங்களிற் காணப்படும் வழக்கம். மாடு உராய்ந்து இழுக்கையில் தாங்குகம்பி தளர்ந்து தூண் சாயும். மேற்கம்பி அதிற் பட்டால் முதலில் மடிவது மாடே.

புயலின்பின் வயலில் கம்பி அறுந்து கிடப்பதைக் கண்டால், அது செத்த கம்பியென்று எவர் சொன்னாலும் நம்பாதீர்கள். முப்பது அடிக்கு அப்பால் நில்லுங்கள், பிள்ளைகளை நிறுத்துங்கள், அலுவலகத்துக்கு அறிவியுங்கள். கம்பி நிலத்தைத் தொடும் இடத்திலிருந்து அழுத்தம் நாற்புறமும் படிப்படியாகக் குறைந்து செல்கின்றது. ஒரு காலை அண்மையிலும் மறுகாலைச் சேய்மையிலும் வைத்தால் இரு கால்களுக்குமிடையே அழுத்த வேறுபாடு தோன்றி, மின்சாரம் ஒரு காலால் ஏறி மறுகாலால் இறங்கும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே தூரம் அதிகமாதலாலும், அப்பாதை அதன் நெஞ்சினூடு செல்வதாலும், மனிதன் தப்பிய இடத்தில் மாடு மடிவதுண்டு. சேற்று வயலில் நிற்கையில் அருகே கம்பி வீழ்ந்துவிட்டால் ஓடாதீர்கள். இரு பாதங்களையும் சேர்த்து வைத்து, நிலத்திலிருந்து உயர்த்தாமல் தேய்த்துத் தேய்த்து விலகுங்கள்.

மண்ணுக்கு அடியில்

நிலத்தடி வடம் பொதுவாக அரை மீற்றர் முதல் ஒரு மீற்றர் வரை ஆழத்திற் புதைக்கப்படும். அதன்மேல் செங்கல்லோ கொங்கிறீற்றுப் பலகையோ நிறமிட்ட நாடாவோ இடப்பட்டிருக்கும். வீதியோரத்தில் வேலிக்குக் குழி தோண்டும்போதும், நீர்க்குழாய்க்கு வெட்டும்போதும், வரிசையாக அடுக்கிய கல் அல்லது நாடா தென்பட்டால் அலவாங்கை உடனே நிறுத்துங்கள். மண்வெட்டியினும் அலவாங்கு கொடியது; அதன் கூர் கவசத்தையும் துளைக்கும். மேற்கம்பி தன்னைத்தானே காட்டிக்கொள்ளும். புதைத்த வடம் மறக்கப்படும். அதுவே அதன் ஆபத்து.

நாமே இழுக்கும் கம்பி

இனி மூன்றாவது வகை. தோட்டங்களிற் சென்று பார்க்கையில், வீட்டுச் சுவரிலுள்ள ஒரு பிளக்கிலிருந்து மெல்லிய கம்பி புறப்பட்டு, கிளுவை வேலியின் மேலும் பூவரசுக் கொப்பிலும் சுற்றி, இரண்டு மூன்று இடத்தில் முறுக்கி நாடா ஒட்டப்பட்டு, கிணற்றடியில் ஈரத்தில் முடிவதை எத்தனையோ இடங்களிற் காண்கின்றோம். மின்சார அலுவலகத்தாரின் பொறுப்பு மின்மானியுடன் முடிகின்றது. அதற்கப்பால் உள்ளது நம்முடையது.

முதலில் கம்பியின் பருமனை நோக்குவோம். இரண்டு குதிரைவலு மோட்டார் ஏறக்குறைய 10 அம்பியர் இழுக்கும். கிணறு வீட்டிலிருந்து 100 மீற்றர் தூரத்திலிருந்தால் மின்சாரம் போய்வர 200 மீற்றர் கம்பி. ஒன்றரைச் சதுர மில்லிமீற்றர்ச் செப்புக்கம்பியில் வழியிலேயே 24 வோல்ற்று விழுந்துவிடும். இரண்டரையில் 15 வோல்ற்று விழும். நான்கு சதுர மில்லிமீற்றரில் ஏறக்குறைய 9 வோல்ற்று மட்டுமே. வழங்கும் மின்சாரம் 230 வோல்ற்றிலிருந்து 6 வீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ ஆகாதென்பது விதி. அதாவது 216 க்கும் 244 க்கும் இடையில் இருக்க வேண்டும். மாலையில் ஊரில் யாவரும் மின்சாரம் எடுக்கும்போது வீட்டில் 216 இருந்தால், மெல்லிய கம்பியின் மறுமுனையில் 192 தான் இருக்கும். மோட்டாரின் முறுக்குவலு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 192 வோல்ற்றில் அது ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்துவிடும். மோட்டார் உறுமும், சூடேறும், சுருள் கருகும். "கரண்ட் சரியில்லை" என்று கூறி மோட்டாரை இரண்டாந்தரம் சுற்றக் கொடுப்பவர் பலர். அப்பணத்துக்குத் தடித்த கம்பியே வாங்கியிருக்கலாம்.

அடுத்தது புவித்தொடுப்பு. இது இந்தக் கட்டுரையில் மிகவும் கவனித்து வாசிக்க வேண்டிய பகுதி. மோட்டாரின் உள்ளே கம்பி பழுதாகி உடலைத் தொட்டால், அம்மின்சாரம் மண்ணுக்குச் சென்று உருகியை, அதாவது பியூசை, எரித்துவிட வேண்டுமென்பதற்காக நிலத்தில் ஒரு கோல் இறக்கி மோட்டாரின் உடலை அதனுடன் இணைக்கின்றோம். களிமண் நிலத்தில் இது ஓரளவு உதவும். சல்லி போன்ற மணல் நிலத்தில், கோடையில், மூன்றடிக் கோல் உலர்ந்த மணலுக்குள் நிற்குமாயின் அது மின்சாரத்துக்குப் பாதை தருவதில்லை. கோலின் தடை 50 ஓமென்று கொள்வோம். 230 ஐ 50 ஆல் வகுத்தால் 4.6 அம்பியர். 15 அம்பியர் உருகி இதற்கு எரியாது. மோட்டார் ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் உடலில் 230 வோல்ற்றுக்குச் சற்றுக் குறைந்த அழுத்தமும் இருந்துகொண்டேயிருக்கும். ஈரக்காலுடன் அதைத் தொடுபவரும் அம்மின்சாரத்துக்கு ஒரு பாதையாகிவிடுவார்.

ஆகவே இரண்டு காரியங்கள் வேண்டும். கோலை நீரூறும் ஈரப்படை வரை இறக்குங்கள். கரையோரத்தில் அப்படை அதிக ஆழத்தில் இல்லை. இரண்டாவது, ட்றிப் சுவிச் என மக்கள் கூறும் மின்கசிவு ஆளி. ஒரு கம்பியாற் சென்ற மின்சாரம் மறுகம்பியால் முழுதும் திரும்பாது 30 மில்லி அம்பியர் அளவு வேறெங்கோ கசிந்தால் அது இமைப்பொழுதில் துண்டித்துவிடும். 4.6 அம்பியரென்பது அதைப் போல் நூற்றைம்பது மடங்கு. உருகி உறங்குமிடத்தில் இது விழித்திருக்கும். அதில் சோதனைப் பொத்தான் உண்டு. மாதமொருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் மாற்றுங்கள். அடிக்கடி விழுகின்றதென்று அதைத் தவிர்த்து நேரடியாகக் கம்பி கொடுப்போர், நாய் குரைக்கின்றதென்று அதன் வாயைக் கட்டுவோரை ஒப்பர்.

இன்னொன்றையும் கூறாதிருக்க முடியாது. தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பகுதி வயல்களில் பன்றியும் யானையும் செய்யும் அழிவு கமக்காரரின் வயிற்றில் அடிப்பதாகும். அதனால் மனமுடைந்து, வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுப்போர் உளர். முறையான மின்வேலிக் கருவி சில ஆயிரம் வோல்ற்றைக் கொடுப்பினும், ஏறக்குறைய செக்கனுக்கு ஒருமுறை, செக்கனின் மிகச் சிறு பங்கு நேரமே கொடுக்கும். தொட்டவர் உதறிக்கொண்டு விலக இடமுண்டு. 230 வோல்ற்று ஓயாது பாயும் கம்பியோ கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இரவில் நீர் திருப்ப வரும் அயல் வயற்காரர், விடியலில் மாடு தேடி வரும் சிறுவன், சிலவேளை கம்பியைக் கட்டியவர் தாமே அதற்கு இரையாகின்றனர். இது சட்டப்படி குற்றம். யானை இறந்தால் வனசீவராசிகள் சட்டமும், ஆள் இறந்தால் குற்றவியற் சட்டமும் தொடரும். மின்வேலி வேண்டுவோர் கமக்கார அமைப்பின் மூலம் வனசீவராசிகள் திணைக்களத்தின் ஆலோசனையைப் பெறலாம்.

எவரேனும் மின்சாரம் தாக்கிக் கிடந்தால் முதலில் ஆளியை அணையுங்கள். அணைக்க வழியில்லாவிடின், 230 வோல்ற்றுக் கம்பியாயின் மட்டும், உலர்ந்த பலகையில் நின்று உலர்ந்த தடியால் கம்பியை விலக்குங்கள். உயர் அழுத்தக் கம்பியாயின் கிட்டப் போகாதீர்கள். மூச்சில்லையெனில் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு நூறு தரத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே, 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை வேறொருவரைக் கொண்டு அழையுங்கள். எழுந்து நடப்பவரையும் வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். இதயத்தின் தாளக்கேடு பின்னரும் தோன்றலாம்.

கிணற்றடிக் கம்பியைப் புதைக்க விரும்புவோர் அதனை அனுமதி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டே செய்விக்க வேண்டும். கவசமிட்ட வடமே ஏற்றது. சாதாரணக் கம்பியைப் பிளாத்திக்குக் குழாயில் இட்டுப் புதைப்பதானால் அலவாங்கு எட்டாத ஆழம் வேண்டும். மண்வெட்டி எட்டாத ஆழம் போதாது. பாத்திகளின் குறுக்கே செல்லாமல் வேலியோரமாகவோ வரம்போரமாகவோ கொண்டு செல்லுங்கள். மூடுமுன் இரு மூலைகளிலிருந்தும் தூரத்தை அளந்து ஒரு படம் வரைந்து, பம்பி அறையின் கதவின் உட்புறத்தில் ஆணியடித்து வையுங்கள். அடுத்த போகத்தில் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பவர் வேறொருவராயிருக்கலாம்.